ஒரே தட்டில் இரண்டு பயங்கள்: ஓசிடியும் உண்ணுதல் கோளாறும் சேர்ந்து வரும்போது

ஒருவர் சாப்பிட உட்காருகிறார். தட்டில் இருக்கும் பழத்தைச் சரியாகப் பன்னிரண்டு துண்டுகளாக வெட்டுகிறார். பதினொன்றாகிவிட்டால் அதை ஒதுக்கிவிட்டு இன்னொரு பழத்தை எடுக்கிறார். எதிரே உட்கார்ந்திருப்பவருக்கு இது விசித்திரமாகத் தெரியும். "என்ன கிறுக்குத்தனம் இது" என்று நினைத்துக்கொண்டு அவர் தன் சாப்பாட்டைப் பார்க்கப் போய்விடுவார்.

இதே பழத்தை இதே மாதிரி மூன்று பேர் வெட்டுவதாக வைத்துக்கொள்ளுங்கள். ஏன் என்று கேட்டால், முதலாமவர் சொல்வார்: "பன்னிரண்டு வரலைன்னா அம்மாவுக்கு ஏதாவது ஆயிடும்னு மனசு சொல்லுது. அப்படி ஆகாதுன்னு தெரியும். ஆனாலும் விட முடியல." இரண்டாமவர் சொல்வார்: "சின்னச் சின்னத் துண்டா வெட்டினா சாப்பிட நேரமாகும், பாதியிலேயே போதும்னு எழுந்துடலாம்." மூன்றாமவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "தெரியல, ரெண்டும்தான்னு நினைக்கிறேன்" என்பார்.

முதலாமவருக்கு இருப்பது ஓசிடியாக இருக்கலாம். இரண்டாமவருக்கு உண்ணுதல் கோளாறு. இந்தக் கட்டுரை அந்த மூன்றாமவரைப் பற்றியது.

தொடங்கும் முன் ஒரு விஷயம். எடை, கலோரி எண்கள் எதையும் இதில் வேண்டுமென்றே எழுதவில்லை. இந்தச் சிக்கலில் இருப்பவர்கள் இதைப் படிக்கக்கூடும். அவர்கள் மனம் எண்களைச் சட்டென்று பிடித்துக்கொள்ளும்.

முதலில் ஓசிடி

ஓசிடியைத் தமிழில் எண்ணச் சுழற்சி நோய் என்கிறார்கள். நல்ல பெயர்தான், ஏனென்றால் சுழற்சிதான் இதன் உயிர். மேசையை ஒழுங்காக வைப்பவர்கள் எல்லாம் "எனக்குக் கொஞ்சம் ஓசிடி" என்று சிரித்துக்கொண்டே சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். அது ஓசிடி இல்லை. ஒழுங்கு பிடிப்பவருக்கு ஒழுங்கு சந்தோஷம் தரும். ஓசிடி உள்ளவருக்கு அந்தச் சந்தோஷம் கிடையாது. கொஞ்ச நேரம் மூச்சு விட முடிகிறது, அவ்வளவுதான்.

சுழற்சி இப்படி ஓடும். அழைக்காமலே ஓர் எண்ணம் வருகிறது: கையில் கிருமி இருக்கிறது, கதவைப் பூட்டவில்லை, நான் யாரையோ காயப்படுத்திவிடுவேன். அதோடு பதற்றமும் வருகிறது. பதற்றத்தை அடக்க ஒரு செயலை, ஒரு சடங்கு மாதிரி, செய்கிறார்: கழுவுகிறார், சரிபார்க்கிறார், மனதுக்குள் எண்ணுகிறார், "ஒன்றும் ஆகாதுதானே?" என்று பக்கத்தில் இருப்பவரிடம் திரும்பத் திரும்பக் கேட்கிறார். பதற்றம் தணிகிறது. அந்தத் தணிவுதான் பொறி. "நீ கழுவியதால்தான் தப்பித்தாய்" என்று மூளை குறித்துக்கொள்கிறது. அடுத்த முறை எண்ணம் இன்னும் உரக்க வருகிறது, இன்னும் நீளமாகக் கழுவச் சொல்கிறது. இந்த எண்ணங்களும் செயல்களும் நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் பிடித்துக்கொள்வதையோ, வாழ்க்கையை முடக்குவதையோ மருத்துவர்கள் நோய்க்கான அளவுகோலாகக் கொள்கிறார்கள்.

அப்புறம் உண்ணுதல் கோளாறு

இது ஒரே நோய் அல்ல, ஒரு குடும்பம். அனோரெக்சியாவில் எடை கூடிவிடும் என்ற பயத்தில் உடலுக்குத் தேவையானதைவிட மிகக் குறைவாகச் சாப்பிடுவார்கள். உடல் மெலிந்துகொண்டே போனாலும் அவர்கள் கண்ணுக்கு அது பருமனாகத் தெரியலாம். புலிமியாவில் கட்டுப்பாடு இழந்து நிறையச் சாப்பிட்டுவிட்டு, அதைச் "சரிக்கட்ட" வாந்தி எடுப்பார்கள், மலமிளக்கி எடுத்துக்கொள்வார்கள், அல்லது பட்டினி கிடப்பார்கள். பிஞ்ச் ஈட்டிங் கோளாறில் அளவின்றிச் சாப்பிடுவது மட்டும் இருக்கும், சரிக்கட்டுவது இருக்காது. ஆர்ஃபிட் என்று இன்னொன்று உண்டு. அதில் எடையைப் பற்றிய கவலையே கிடையாது. தொண்டையில் சிக்கிவிடும், வாந்தி வந்துவிடும் என்ற பயத்தாலோ, உணவின் மணமோ தொடு உணர்வோ தாங்காததாலோ உணவு வகைகள் ஒவ்வொன்றாகக் கழன்றுபோகும். கடைசி இரண்டும் அமெரிக்க மனநலச் சங்கத்தின் நோய்க் கையேட்டில் தனி நோய்களாக இடம்பெற்றது 2013-ல்தான். அதற்கு முன் இவற்றோடு வாழ்ந்தவர்கள் பலருக்குத் தங்கள் துன்பத்துக்குப் பெயர்கூடக் கிடைக்கவில்லை.

இரண்டும் ஏன் கைகோத்துக்கொள்கின்றன

2004-ல் வெளியான ஓர் ஆய்வு, அனோரெக்சியாவோ புலிமியாவோ இருந்த 672 பேரைப் பார்த்தது. அவர்களில் 41 சதவீதம் பேருக்கு வாழ்நாளில் ஏதோ ஒரு கட்டத்தில் ஓசிடியும் இருந்திருக்கிறது. வேறு சில ஆய்வுகளில் இந்த விகிதம் இதைவிடக் குறைவு. யாரை எப்படித் தேர்ந்தெடுத்தார்கள் என்பதைப் பொறுத்து எண் மாறும். ஆனால் பொதுமக்களில் ஓசிடி இருப்பது நூற்றில் இரண்டு மூன்று பேருக்குத்தான் என்பதோடு ஒப்பிட்டால், எந்த ஆய்வை எடுத்தாலும் இது தற்செயல் என்று சொல்ல முடியாது. அதே 2004 ஆய்வில், ஓசிடி உள்ளிட்ட பதற்றக் கோளாறுகள் இருந்த பெரும்பாலோருக்கு அவை சிறு வயதிலேயே, உண்ணுதல் கோளாறு வருவதற்கு முன்பே தொடங்கியிருந்தன.

காரணங்களில் ஒன்று பிறப்பிலேயே வருவது. அனோரெக்சியா உள்ள ஏறக்குறைய 17,000 பேரின் மரபணுக்களை ஆராய்ந்து 2019-ல் ஓர் ஆய்வு வெளியானது. அனோரெக்சியாவுக்கும் ஓசிடிக்கும் மரபணு அளவில் வலுவான தொடர்பு இருப்பதை அது காட்டியது. பெற்றோர் வளர்ப்புச் சரியில்லை, பத்திரிகைப் படங்கள் கெடுத்துவிட்டன என்று ஒற்றைக் காரணம் தேடுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இன்னொன்று சுபாவம். எதிலும் துளி பிசகக் கூடாது என்ற பிடிவாதம், உறுதியில்லாத நிலையைத் தாங்க முடியாமை, "சரியாக அமைந்துவிட்டது" என்ற உணர்வு வரும்வரை ஒரு காரியத்தை விட முடியாமை. இவை இரண்டு நோய்களுக்கும் பொதுவான மண்.

மூன்றாவது காரணம்தான் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. பலருக்கும் தெரியாதது அதுதான். பட்டினி தானாகவே மனிதரை ஓசிடி போன்ற நிலைக்குத் தள்ளும்.

இரண்டாம் உலகப் போரின் கடைசிக் கட்டத்தில், 1944 நவம்பரில், மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்ற ஆய்வாளர் ஒரு பரிசோதனையைத் தொடங்கினார். போரில் ஆயுதம் ஏந்த மறுத்த 36 இளைஞர்கள் தாங்களாகவே முன்வந்து அதில் சேர்ந்தார்கள். உடலும் மனமும் ஆரோக்கியமாக இருக்கிறதா என்று பார்த்துப் பொறுக்கி எடுத்தவர்கள் அவர்கள். முதலில் சில மாதங்கள் வழக்கமான சாப்பாடு. பிறகு 24 வாரங்களுக்கு அதில் ஏறக்குறைய பாதி. பட்டினியில் வாடும் மக்களை எப்படி மீட்டெடுப்பது என்று கண்டுபிடிப்பதுதான் நோக்கம். ஆனால் அந்த இளைஞர்களின் மனதுக்கு நடந்ததைத்தான் இன்றுவரை பேசிக்கொண்டிருக்கிறோம்.

நாள் முழுக்க உணவைப் பற்றியே நினைத்தார்கள். சமையல் குறிப்புகளை வெறியோடு சேகரித்தார்கள். தட்டில் இருப்பதைப் பிரித்து, கலந்து, மணிக்கணக்கில் இழுத்து இழுத்துச் சாப்பிட்டார்கள். ஒருவர் தட்டில் இருப்பதை இன்னொருவர் தொட்டால் எரிந்து விழுந்தார்கள். சிலர் தேவையே இல்லாத பழைய பொருள்களை வாங்கிக் குவித்தார்கள். நண்பர்களை விட்டு ஒதுங்கினார்கள். இவர்களில் யாருக்கும் ஒல்லியாக வேண்டும் என்ற ஆசை இருந்ததில்லை. மூளைக்குப் போதுமான உணவு போகவில்லை, அவ்வளவுதான்.

அனோரெக்சியாவில் நாம் பார்க்கும் சடங்குகளில் ஒரு பங்கு பசியின் விளைவு என்பது இதிலிருந்து தெரிகிறது. சாப்பாடு சீரானதும் அந்தப் பங்கு தானாகக் கரையும். கரையாமல் மிஞ்சுவது ஓசிடியாக இருக்கலாம். ஆனால் எவ்வளவு கரையும், எவ்வளவு மிஞ்சும் என்று பட்டினி நிலையில் இருப்பவரைப் பார்த்து யாரும் அடித்துச் சொல்ல முடியாது.

எது எது என்று எப்படிப் பிரிப்பது

வெளியே தெரியும் செயலை வைத்துப் பிரிக்கவே முடியாது. பழம் வெட்டிய மூன்று பேரை நினைத்துப் பாருங்கள். பயம் எங்கே போய் முட்டுகிறது என்பதைப் பார்க்க வேண்டும். "இதைச் செய்யாமல் விட்டால் என்ன ஆகும்?" என்பதுதான் கேள்வி. அதற்கு வரும் பதிலுக்கும் ஒரு "அப்புறம்?" போட வேண்டும். நல்ல சிகிச்சையாளர்கள் இதைச் சலிக்காமல் கேட்பார்கள்.

ஒருவர் வெளியே எங்கும் சாப்பிடுவதில்லை. சாப்பிட்டால் என்ன? "சமைத்தவர் கை கழுவியிருக்க மாட்டார்." அப்புறம்? "எனக்கு நோய் வரும், என்னிடமிருந்து குழந்தைக்குத் தொற்றும்." இது ஓசிடியின் பாதை. இன்னொருவரும் வெளியே சாப்பிடுவதில்லை. "எவ்வளவு எண்ணெய் ஊற்றினார்கள் என்று தெரியாது." அப்புறம்? "எடை ஏறும்." அப்புறம்? "எல்லாம் கைமீறிப் போய்விடும்." இது உண்ணுதல் கோளாற்றின் பாதை. இரண்டு பேரும் மெலிந்துகொண்டே போவார்கள். தராசில் பார்த்தால் வித்தியாசம் தெரியாது.

வேறு விதமாகவும் கேட்கலாம். "எடை ஒரு துளியும் கூடாது என்று உறுதி கொடுத்தால் இதைச் சாப்பிடுவீர்களா?" "நூற்றுக்கு நூறு சுத்தம் என்று உறுதி கொடுத்தால்?" எந்த உறுதிக்கு முகம் இளகுகிறது என்று பார்த்தால் பாதி விடை கிடைத்துவிடும். இரண்டுக்குமே இளகவில்லை என்றால், அந்த இரண்டு பயங்களுமே சேர்ந்து இருக்கின்றன, அல்லது நாம் இன்னும் கண்டுபிடிக்காத மூன்றாவது பயம் ஒன்று இருக்கிறது.

ஓசிடி உள்ளவர்களில் பெரும்பாலோருக்குத் தங்கள் எண்ணம் வேண்டாத விருந்தாளி. "இது நான் இல்லை, இதை எப்படியாவது நிறுத்துங்கள்" என்பார்கள். அனோரெக்சியா உள்ளவருக்கு அந்த நோய் பல நேரம் நண்பன், சாதனை, அடையாளம். "இது என்னுடைய முடிவு, உங்களுக்கு என்ன?" என்பார்கள். முன்னவர் உதவி கேட்டு வருவார். பின்னவரைக் கூட்டிக்கொண்டுதான் வர வேண்டியிருக்கும். பாடப்புத்தகங்கள் இந்த வித்தியாசத்தைப் பெரிதாகச் சொல்லும், தவறில்லை. ஆனால் நிஜத்தில் கோடு அவ்வளவு நேராக ஓடாது. கிருமி பயம் நூறு சதவீதம் நியாயம் என்று சத்தியம் செய்யும் ஓசிடிக்காரர்கள் உண்டு. தன் அனோரெக்சியாவை வெறுத்துக்கொண்டே அதற்குப் பணிகிறவர்களும் உண்டு.

சேர்ந்து வரும்போது ஒன்றின் பின்னால் இன்னொன்று ஒளிந்துகொள்கிறது. "எனக்குக் கிருமி பயம், அதனால்தான் சாப்பிடுவதில்லை" என்று சொல்வதில் வெட்கம் குறைவு. எடை பயத்தை அதற்குள் மடித்து வைத்துவிடலாம். பொய் சொல்கிறார்கள் என்று இதற்குப் பொருள் இல்லை. அவர்களுக்கே தெரியாமல் நடப்பதுதான் அதிகம். அதேபோல ஆண்களிடமும், மெலிந்து தெரியாதவர்களிடமும் உண்ணுதல் கோளாற்றை யாரும் தேடுவதே இல்லை. ஓசிடியை மட்டும் எழுதிக் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். புலிமியா உள்ளவர்களில் பலர் சராசரி எடையில்தான் இருப்பார்கள்.

சிகிச்சை: முதலில் உடம்பு

எந்த நோய்க்கு முதலில் வைத்தியம் பார்ப்பது? உயிருக்கு ஆபத்து எங்கிருந்து வருகிறதோ அங்கே தொடங்க வேண்டும், பெரும்பாலும் அது சாப்பாடுதான். தொடர்ந்து வாந்தி எடுப்பவருக்கு ரத்தத்தில் பொட்டாசியம் குறையும், இதயத் துடிப்பின் தாளம் தப்பும். மிகவும் மெலிந்தவருக்கு இதயம் மெதுவாகத் துடிக்கும், எலும்பு பலமிழக்கும்.

நீண்ட நாள் பட்டினி கிடந்தவருக்குத் திடீரென்று நிறைய உணவு கொடுப்பதும் ஆபத்து. ரத்தத்தில் பாஸ்பேட் போன்ற உப்புகள் வேகமாகச் சரிந்து இதயமும் நுரையீரலும் தடுமாறும். வீட்டில் பாசத்தோடு "நல்லா சாப்பிடு" என்று ஒரே நாளில் ஊட்டிச் சரிசெய்துவிட முடியாது என்பதற்கு இதுவே காரணம். ரத்தப் பரிசோதனையோடு, மருத்துவக் கண்காணிப்பில், படிப்படியாக ஏற்ற வேண்டும்.

உடம்பை முதலில் பார்ப்பதற்கு இன்னொரு நியாயமும் இருக்கிறது. பேச்சு வழிச் சிகிச்சை என்பது புதிதாகக் கற்பது. பசித்த மூளை எளிதில் வளையாது, புதிதாக எதையும் பிடித்துக்கொள்ளாது. மின்னசோட்டா இளைஞர்களை உட்கார வைத்துத் தத்துவ வகுப்பு எடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

ஆனால் "முதலில் எடை ஏறட்டும், ஓசிடியை அப்புறம் பார்க்கலாம்" என்று மாதக் கணக்கில் தள்ளிப்போடுவதும் தவறு. உணவைக் கையிலெடுத்ததும் கிருமி பயம் துள்ளி எழும், சாப்பாட்டுத் திட்டமே அங்கே நின்றுவிடும். அதனால் உடல் ஓரளவு நிலைப்பட்டதும் இரண்டையும் ஒரே குழு, ஒரே திட்டத்தில் எடுப்பதுதான் நல்லது என்பது என் எண்ணமும். ஒரு பக்கம் அழுத்தினால் மறு பக்கம் புடைக்கும் பலூன் மாதிரி, ஒரு நோயை மட்டும் அமுக்கினால் அந்தப் பதற்றம் இன்னொன்றின் வழியாக வெளியே வருவதை அடிக்கடி பார்க்கிறார்கள். பட்டினி கிடப்பதை நிறுத்தியவர் மணிக்கணக்கில் கழுவத் தொடங்குவார். கழுவுவதை நிறுத்தியவர் தட்டில் எண்ணத் தொடங்குவார்.

பயத்துக்குள் போய் நிற்பது

ஓசிடிக்கு நன்றாக நிரூபிக்கப்பட்ட பேச்சு வழிச் சிகிச்சை ஈஆர்பி. பயத்தை எதிர்கொள்வதும், அதைத் தணிக்கும் சடங்கைச் செய்யாமல் இருப்பதும் சேர்ந்ததுதான் அது. 1966-ல் விக்டர் மேயர் என்ற உளவியலாளர் லண்டனில் இரண்டு நோயாளிகளுக்கு இப்படிச் செய்து பார்த்ததை எழுதினார். அதற்கு முன் ஓசிடியைக் கிட்டத்தட்டத் தீராத நோய் என்றே கருதினார்கள்.

எப்படிச் செய்வது? நோயாளியும் சிகிச்சையாளரும் சேர்ந்து பயங்களை ஏணிப்படி மாதிரி அடுக்குவார்கள். கீழ்ப்படி: மூடிய பாக்கெட்டிலிருந்து எடுத்த ரொட்டியைக் கழுவாத மேசையில் ஒரு நிமிடம் வைத்துவிட்டுச் சாப்பிடுவது. நடுப்படி: இன்னொருவர் கையால் எடுத்துக் கொடுத்ததைச் சாப்பிடுவது. மேல்படி: முன்பின் தெரியாத இடத்தில், யார் சமைத்தார்கள் என்று விசாரிக்காமல் சாப்பிடுவது. ஒவ்வொரு படியிலும் பதற்றம் ஏறும். அப்போது கழுவக் கூடாது, வாய் கொப்பளிக்கக் கூடாது, "ஒன்றும் ஆகாதுதானே?" என்று கேட்கவும் கூடாது. உட்கார்ந்திருக்க வேண்டும். பதற்றம் தானாக இறங்கலாம், இறங்காமலும் போகலாம். இறங்காவிட்டாலும் தன்னால் தாங்க முடிகிறது என்பதை மூளை முதல்முறையாகப் பார்க்கும்.

இதே முறை உண்ணுதல் கோளாற்றுக்கும் பொருந்துமா? பொருந்தும், ஆனால் ஒரு முக்கியமான வித்தியாசம் உண்டு. ஓசிடியில் பயப்படும் விஷயம் பெரும்பாலும் நடக்காது. பதினொரு துண்டு வெட்டியதால் அம்மாவுக்கு எதுவும் ஆகாது. உண்ணுதல் கோளாறில் பயப்படும் விஷயம் நடக்கலாம். மெலிந்தவர் ஒழுங்காகச் சாப்பிட்டால் எடை ஏறும், ஏறத்தான் வேண்டும், சிகிச்சையின் குறிக்கோளே அதுதான். அங்கே "நீ பயப்படுவது நடக்காது" என்று சொன்னால் அது பொய். "நடக்கும். நடந்த பிறகும் நீ நீயாகவே இருப்பாய், வாழ்க்கை கைமீறிப் போகாது" என்பதைத்தான் சாப்பாட்டுக்குச் சாப்பாடு அனுபவித்துப் பார்க்க வேண்டும். ஓசிடியில் கைதேர்ந்த சிகிச்சையாளர்கள்கூட இந்த இடத்தில் சறுக்கலாம்.

சறுக்கும் இடங்கள் இன்னும் இருக்கின்றன. டயட்டீஷியன் ஒரு சாப்பாட்டுத் திட்டம் எழுதிக் கொடுக்கிறார். அனோரெக்சியா மட்டும் இருப்பவருக்கு அது ஊன்றுகோல். ஓசிடியும் சேர்ந்திருப்பவருக்கு அதுவே புதிய சடங்காக மாறிவிடும். எழுதியதைவிட ஒரு கிராம் கூடவும் கூடாது, குறையவும் கூடாது, ஒரு நிமிடம் தாமதமாகக் கூடாது. பார்க்கிறவர்களுக்கு "எவ்வளவு ஒழுங்காகக் கடைப்பிடிக்கிறார்!" என்று தோன்றும். உள்ளே நோய் சட்டையை மட்டும் மாற்றிக்கொண்டிருக்கிறது. இப்படிப்பட்டவருக்குத் திட்டத்திலேயே கொஞ்சம் தளர்வை வைக்க வேண்டும்: தராசு இல்லாமல் கரண்டியால் பரிமாறுவது, சாப்பாட்டு நேரத்தை முன்னே பின்னே மாற்றுவது, என்ன சாப்பிடுவது என்பதை வேறொருவர் முடிவு செய்வது.

அறிவுரையும் அப்படித்தான். "இந்த உணவால் கெடுதல் இல்லை" என்று டயட்டீஷியன் ஒரு முறை விளக்குவது கல்வி. அதே கேள்விக்கு இருபதாவது முறை பதில் சொல்வது சுழற்சிக்கு எண்ணெய் ஊற்றுவது. குழுவில் நான்கு பேர் இருந்தால் நான்கு பேரிடமும் தனித்தனியாக அதே கேள்வி வரும். அவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளாவிட்டால் யாருக்கும் தெரியவே தெரியாது.

உடற்பயிற்சியிலும் இதே குழப்பம்தான். ஒருவர் எடைக்காக நடப்பார். இன்னொருவர் எண்ணிக்கை இரட்டைப்படையில் முடிய வேண்டும் என்பதற்காகக் கூடுதலாக நடப்பார். இரண்டும் ஒரே காலால்தான் நடக்கிறது.

உண்ணுதல் கோளாறுக்கென்றே வளர்ந்த சிகிச்சைகளும் உண்டு. இளம்வயதினருக்குக் குடும்பம் சார்ந்த சிகிச்சை: சாப்பாட்டுப் பொறுப்பைத் தற்காலிகமாகப் பெற்றோர் எடுத்துக்கொண்டு, பிறகு படிப்படியாகப் பிள்ளையிடம் திருப்பிக் கொடுப்பார்கள். பெரியவர்களுக்கு ஆக்ஸ்ஃபோர்டில் கிறிஸ்டோபர் ஃபேர்பர்ன் உருவாக்கிய சிபிடி-ஈ என்ற முறை: நோயைப் பிடித்து வைத்திருக்கும் எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றக் கற்றுத்தரும் பேச்சு வழிச் சிகிச்சை. மிகவும் மெலியாதவர்களுக்கு வழக்கமாக 20 அமர்வுகள், மெலிந்தவர்களுக்கு அதைப் போல இரு மடங்கு. இவற்றோடு ஈஆர்பியைப் பின்னித்தான் சேர்ந்த சிகிச்சையை அமைக்கிறார்கள்.

மாத்திரைகள்

எஸ்எஸ்ஆர்ஐ வகை மருந்துகள் ஓசிடிக்கு உதவும். மனச்சோர்வுக்குக் கொடுப்பதைவிட அதிக அளவு தேவைப்படலாம், பலன் தெரிய எட்டு முதல் பன்னிரண்டு வாரங்கள் ஆகலாம். அந்த வகையைச் சேர்ந்த ஃபுளுவாக்ஸெட்டின் புலிமியாவுக்கும் பயன்படுகிறது. ஆனால் மிகவும் மெலிந்த அனோரெக்சியா நோயாளிகளுக்கு எடையைக் கூட்ட இவை உதவுவதாகத் தெரியவில்லை. இந்த மருந்துகள் வேலை செய்ய மூளையில் செரட்டோனின் என்ற வேதிப்பொருள் இருக்க வேண்டும், அதைச் செய்யும் மூலப்பொருள் உணவிலிருந்துதான் வருகிறது, உணவே இல்லாதபோது மருந்து எதைப் பிடித்து வேலை செய்யும் என்பது ஒரு விளக்கம். இன்னொன்றையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். மனச்சோர்வுக்கும் புகைப்பழக்கத்தை விடவும் கொடுக்கும் புப்ரோபியான் என்ற மருந்து அனோரெக்சியா, புலிமியா உள்ளவர்களுக்கு வலிப்பை வரவழைக்கும் ஆபத்து இருப்பதால் கூடாது. வாந்தி எடுக்கும் பழக்கத்தை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும் என்பதற்கு இது ஒன்றே போதும்.

வீட்டில் இருப்பவர்கள்

வீட்டில் ஒருவருக்கு இந்த நிலை இருந்தால் வீடே மெல்ல மெல்ல நோயின் சட்டத்துக்குள் வந்துவிடும். அவருக்கென்று தனிப் பாத்திரம், அவர் சாப்பிடும்போது யாரும் பேசக் கூடாது, அடுப்பங்கரைக்குள் யாரும் வரக் கூடாது, "கை கழுவினியா?" என்று கேட்டால் மூன்று முறை ஆமாம் சொல்ல வேண்டும். எல்லாமே அன்பினால் செய்வது. பிள்ளை அழாமல் இரண்டு வாய் சாப்பிட்டால் போதும் என்று எந்தத் தாய்க்குத்தான் தோன்றாது? ஆனால் விட்டுக்கொடுக்கும் ஒவ்வொன்றும் "உன் பயம் நியாயம்தான்" என்று நோய்க்குச் சொல்லும் சாட்சி.

அதற்காக நாளைக் காலையிலேயே எல்லாவற்றையும் ஒரேயடியாக நிறுத்தினால் போர்தான் மூளும். சிகிச்சையாளரோடு பேசி, பாதிக்கப்பட்டவருக்கும் முன்பே சொல்லி, ஒவ்வொன்றாகக் குறைக்க வேண்டும். சாப்பாட்டு நேரத்தில் வாதமும் வேண்டாம், கெஞ்சலும் வேண்டாம். "பயமா இருக்குன்னு தெரியுதும்மா. நான் பக்கத்துலயே இருக்கேன். சாப்பிடு" என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போகலாம். "நிச்சயமா ஒண்ணும் ஆகாதுதானே?" என்று கேட்டால், "இது ஓசிடி கேக்கற கேள்வி, அதுக்கு நான் பதில் சொல்ல மாட்டேன்னு ரெண்டு பேரும் பேசி வச்சிருக்கோம்ல" என்று மென்மையாக நினைவுபடுத்தலாம். முதல் சில நாள்கள் இதைச் சொல்லும்போது தொண்டை அடைக்கும். அந்தப் பக்கம் இருப்பவருக்கு மட்டுமல்ல, இந்தப் பக்கம் இருப்பவருக்கும் இது ஈஆர்பிதான்.

உடல் தோற்றத்தைப் பற்றி எதுவும் சொல்லாதீர்கள், பாராட்டாகக்கூட வேண்டாம். "இப்போ நல்லா தெரியறே" என்பது "குண்டாகிவிட்டாய்" என்றுதான் காதில் விழும்.

உடனே ஓட வேண்டிய நேரங்கள்

மயக்கம், நெஞ்சுவலி, இதயம் படபடப்பது அல்லது மிக மெதுவாகத் துடிப்பது, வாந்தியில் ரத்தம், தண்ணீரைக்கூட மறுப்பது, சில வாரங்களில் எடை மளமளவென்று சரிவது, வாழவே வேண்டாம் என்ற பேச்சு. இவற்றில் எதுவும் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்காது. நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும். இரண்டு நோய்களிலும் தற்கொலை ஆபத்து அதிகம். "அப்படி ஏதாவது யோசனை வருதா?" என்று நேரடியாகக் கேட்பதால் இல்லாத எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. தயங்காமல் கேட்கலாம்.

முதல் முறை மருத்துவரிடம் போகும்போது

அந்த அறைக்குள் போனதும் பாதி மறந்துவிடும், மீதியை வெட்கம் விழுங்கிவிடும். அதனால் முன்பே ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். சாப்பாட்டைச் சுற்றி என்னென்ன செய்கிறீர்கள், ஒவ்வொன்றையும் செய்யாவிட்டால் என்ன ஆகும் என்று பயப்படுகிறீர்கள், நாளில் எவ்வளவு நேரம் போகிறது, முதலில் தொடங்கியது எது, சாப்பாட்டுக்குச் சம்பந்தமே இல்லாத சடங்குகள் ஏதும் உண்டா, வாந்தி, மலமிளக்கி, பட்டினி எதுவும் உண்டா. மனநல மருத்துவர் ஓசிடியைப் பற்றி மட்டும் கேட்டால் சாப்பாட்டைப் பற்றி நீங்களாகச் சொல்லுங்கள். சாப்பாட்டைப் பற்றி மட்டும் கேட்டால் கழுவுவதையும் எண்ணுவதையும் நீங்களாகச் சொல்லுங்கள். "ஈஆர்பி செய்த அனுபவம் உண்டா? உண்ணுதல் கோளாறு உள்ளவர்களைப் பார்த்திருக்கிறீர்களா?" என்று கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. ஒன்றில்தான் அனுபவம் என்றால், இன்னொன்றைப் பார்ப்பவரோடு அவர் தொடர்பில் இருப்பாரா என்று கேளுங்கள். வாய் திறந்து சொல்ல முடியவில்லையா, சரி, அந்தத் தாளை மேசையில் வைத்துத் தள்ளிவிடுங்கள். அவர் படித்துக்கொள்வார்.